வீட்டு இணையம்: தண்ணீர், மின்சார வரிசையில் அடுத்தது

கொழும்பில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. தண்ணி மேல்மாடி வரைக்கும் ஏறுமா, கரண்ட் மீட்டர் தனியாக இருக்கா, காலி வீதிக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பவை அப்படியேதான் இருக்கின்றன. அவற்றோடு ‘ஃபைபர் இழுத்திருக்கா?’, அதாவது கண்ணாடி இழை வழியாக வரும் இணையம் இருக்கா, என்பதும் சேர்ந்துவிட்டது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று எங்கே போனாலும் வீட்டுத் தரகர்கள் இதற்குப் பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள்.

இந்த நிலை எப்படி வந்தது, ‘நல்ல இணையம்’ என்றால் சரியாக என்ன என்பதைத் தொழில்நுட்பம் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி எழுதப் பார்க்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரங்கள் எல்லாம் வேகத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆனால் ஒரு வீட்டுக்கு முதலில் வேண்டியது அறுந்து அறுந்து போகாத இணைப்பு. வேகம் அதற்கு அடுத்தது.

ஆடம்பரம் எப்போது அத்தியாவசியம் ஆகிறது

லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து கொழும்புக்குக் குழாய்த் தண்ணீர் வரத் தொடங்கியது 1886இல். நகரத்தில் எரிந்த ஆரம்பகால மின்விளக்குகள் 1890இல் கோட்டையிலிருந்த பிரிஸ்டல் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் அறையில் எரிந்தவை. இரண்டுமே அன்றைக்குச் சிலருக்கு மட்டும் கிடைத்த வசதிகள். இன்றைக்கு ஒரு வீட்டில் இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டால் அதை வசதிக் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டில் வாழவே முடியாது.

இணையமும் ஏறக்குறைய அதே பாதையில்தான் வந்தது. இலங்கையில் வர்த்தக ரீதியான இணைய சேவை 1995இல் தொடங்கியது. அப்போது தொலைபேசிக் கம்பி வழியாக ‘டயல்-அப்’ செய்ய வேண்டும். இணையத்தில் இருக்கும் வரை அந்த வீட்டுக்கு யாரும் கோல் எடுக்க முடியாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு கதைக்க வேண்டுமென்றால் சந்தியிலிருந்த கொமியூனிகேஷன் கடைக்குப் போய், கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, மீட்டரைப் பார்த்துக்கொண்டே கதைத்த தலைமுறை இன்னும் வெள்ளவத்தையில் இருக்கிறது. அந்தக் கடைகளில் பெரும்பாலானவை இப்போது போட்டோ கொப்பி எடுக்கிற, ரீலோட் போடுகிற கடைகளாகிவிட்டன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு சேவையை நாம் அதிகம் பாவிக்கிறோம் என்பதற்காக மட்டும் அது அத்தியாவசியம் ஆகிவிடாது. ரிவியையும்தான் மணிக்கணக்காகப் பார்த்தோம். பள்ளிக்கூடம், வங்கி, வேலை தருகிறவர், அரசாங்கம் எல்லாரும் ‘இது எல்லா வீட்டிலும் இருக்கும்’ என்று எடுத்துக்கொண்டு தங்கள் காரியங்களைத் திட்டமிடத் தொடங்குகிறார்கள் பாருங்கள், அங்கேதான் அது அத்தியாவசியமாக மாறுகிறது. அதன் பிறகு அது இல்லாத வீடு ஒரு வசதியை மட்டும் இழக்கவில்லை. மற்றவர்கள் நடந்து போகிற வாசலே அந்த வீட்டுக்கு மூடப்படுகிறது.

இலங்கையில் இந்த மாற்றம் இரண்டு அதிர்ச்சிகளால் வேகமெடுத்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டன. வகுப்புகள் ஸூமுக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் மாறின. அது ஓரளவு ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. ஜூன் மாதத்தில் பெட்ரோல், டீசல் இல்லாமல் கொழும்புப் பாடசாலைகள் மறுபடி மூடப்பட்டு ஒன்லைனுக்குத் திரும்பின. அரச ஊழியர்களில் பெரும்பகுதியினரை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். ஜூலையில் எரிபொருளுக்கே கியூஆர் குறியீடு வந்தது. வாகன இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் இணையத்தில் பதிந்து குறியீட்டை எடுத்தால்தான் அந்த வாரத்துப் பங்கு கிடைக்கும். வத்தளையில் முச்சக்கர வண்டி ஓட்டுகிற ஒருவருக்கு அந்த வாரம் இணையம் என்பது பெட்ரோலாகவே இருந்தது. நம் ஊரில் இணையம் பொழுதுபோக்குப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது அப்போதுதான் என்பது என் எண்ணம்.

அதற்குப் பிறகு பழைய நிலைக்கு யாரும் திரும்பிப் போகவில்லை. உயர்தரத்து ரியூஷன் வகுப்புகள் பல இப்போது மண்டபத்திலும் ஒன்லைனிலும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பரீட்சை முடிவு இணையத்தில்தான் முதலில் பார்க்கப்படுகிறது. பல்கலைக்கழக அனுமதிக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். கரண்ட் பில், தண்ணி பில், வங்கிக் கணக்கு எல்லாம் ஃபோனுக்குள் வந்துவிட்டன. புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்கிறவர் புதுச் சரக்கின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். மட்டக்களப்பிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் ஓடர் வருகிறது.

ஒரு வீட்டின் மாலை ஏழு மணி

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். நாலாம் மாடி, இரண்டு அறை, ஒரு ஹோல். மாலை ஏழு மணி. மகளுக்கு பௌதிகவியல் ஒன்லைன் வகுப்பு நடக்கிறது. அப்பா லண்டன் கொம்பனி ஒன்றுக்குக் கணக்கு வேலை பார்க்கிறார். அங்கே அப்போது பிற்பகல்தான் என்பதால் அவருக்கு வீடியோ கூட்டம். அம்மம்மா டொரொண்டோவில் இருக்கும் மூத்த மகனோடு கதைக்கிறார். அங்கே காலை நேரம், மகன் வேலைக்குப் புறப்படுவதற்கு முன் கிடைக்கிற அரை மணித்தியாலம் அது. தம்பி சோபாவில் படுத்துக்கொண்டு யூடியூப் பார்க்கிறான்.

“அம்மம்மா, கொஞ்சத்துக்கு வீடியோவ நிப்பாட்டிப்போட்டுக் கதையுங்கோ. எனக்கு சேர் சொல்றது அறுந்து அறுந்து வருது.”

“நான் என்னடி செய்யிறன்? தம்பி, அந்தப் பெட்டிய ஒருக்கா ஓஃப் பண்ணிப் போடு பாப்பம்.”

இந்த உரையாடல் நடக்காத தமிழ் வீடு கொழும்பில் குறைவு. குற்றம் அம்மம்மாவுடையதா, தம்பியுடையதா, கொம்பனியுடையதா, பெட்டியுடையதா? இதைக் கண்டுபிடிக்க நாலு விஷயம் தெரிந்திருந்தால் போதும்.

முதலாவது, வேகம். அதை எம்பிபிஎஸ் என்று அளக்கிறார்கள், ஒரு வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்று அர்த்தம். நாம் கோப்புகளை அளப்பது பைட்டில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். அதனால் ‘100 எம்பிபிஎஸ்’ இணைப்பில் ஒரு வினாடிக்கு 100 மெகாபைட் இறங்காது, அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். ஒரு ஜிபி கோப்பு 10 எம்பிபிஎஸ் இணைப்பில் இறங்க ஏறக்குறைய 13 நிமிடம் எடுக்கும். 100 எம்பிபிஎஸ் என்றால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும். ஒரு வீடியோ வகுப்புக்கு 2 முதல் 4 எம்பிபிஎஸ் போதும். நெட்ஃபிளிக்ஸ் முழு எச்டி படத்துக்கு 5, 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் இருக்கட்டும் என்கிறது. மேலே சொன்ன வீட்டில் நாலு பேரும் ஒன்றாகப் பாவித்தாலும் 20 எம்பிபிஎஸ் தாராளம். அப்படியானால் 100 எம்பிபிஎஸ் எடுத்த வீட்டிலும் ஏன் வகுப்பு அறுகிறது?

அதற்கான பதில் பெரும்பாலும் இரண்டாவது விஷயத்தில் இருக்கிறது. இறங்குவதும் ஏறுவதும் வேறு வேறு. யூடியூப் பார்ப்பது இறக்கம். ஆனால் வீடியோ கோலில் உங்கள் முகமும் குரலும் இங்கிருந்து அங்கே போக வேண்டும், அது ஏற்றம். விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது இறக்க வேகம். ஏற்ற வேகம் பல பக்கேஜ்களில் அதன் ஒரு பகுதிதான். பழைய செப்புக் கம்பி ஏடிஎஸ்எல் இணைப்பில் ஏற்றம் ஒரு எம்பிபிஎஸ்ஸைச் சுற்றித்தான் இருக்கும். அதில் ஒரு வீடியோ கோலே திணறும்.

இதில் பலர் கவனிக்காத குற்றவாளி ஒன்று உண்டு. கலியாண வீட்டுக்குப் போய்வந்த அன்று அம்மாவின் ஃபோனில் முந்நூறு படமும் நாற்பது வீடியோவும் இருக்கும். வீட்டுக்குள் நுழைந்து வைஃபை கிடைத்ததுமே ஃபோன் யாரையும் கேட்காமல் அவற்றை இணையச் சேமிப்பான கிளவுட்டுக்கு ஏற்றத் தொடங்கும். ஏற்றப் பாதை நிரம்பிவிடும். மகளின் குரலும் அப்பாவின் குரலும் வைஃபை தருகிற ரவுட்டர் பெட்டிக்குள் வரிசையில் காத்து நிற்கும். வேகத்தை அளந்து பார்த்தால் இறக்கம் நன்றாகவே காட்டும், ஆனால் கோல் விழுந்துகொண்டேயிருக்கும். தானாகப் படம் ஏற்றும் வேலையை நடுநிசிக்குப் பிறகு வைத்துக்கொண்டால் காசு செலவில்லாமல் பாதி வீடுகளின் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது, தாமதம். காலி வீதியை நாலு பாதையிலிருந்து எட்டுப் பாதையாக அகலமாக்கினால் ஒரே நேரத்தில் நிறைய வாகனங்கள் போகலாம். ஆனால் வெள்ளவத்தைக்கும் காலிக்கும் இடையிலுள்ள தூரம் குறையாது. எம்பிபிஎஸ் என்பது அகலம். ‘பிங்’ என்று மில்லி வினாடியில் சொல்வது ஒரு செய்தி போய்த் திரும்பி வருகிற நேரம். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். அதனால் எவ்வளவு காசு கொடுத்தாலும் போய்வர 27 மில்லி வினாடிக்குக் குறையவே முடியாது. உண்மையில் கேபிள் வளைந்து நெளிந்து போவதால் இன்னும் கூடும். பேச்சு இயல்பாக இருக்க வேண்டுமானால் ஒரு பக்கத்துத் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்கு மேலே போனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, “நீங்க சொல்லுங்கோ, நீங்க சொல்லுங்கோ” என்று நிற்க வேண்டியதுதான். தாமதம் கூடுதலாக இருப்பதை விட அது நிலையில்லாமல் ஏறி இறங்குவதுதான் பேச்சை அதிகம் கெடுக்கும்.

அறுபடாமை என்ற கணக்கு

நாலாவதைத் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் என் கட்டுரையே இதைப் பற்றியதுதான்.

‘99 சதவீதம் இணைப்பு இருக்கும்’ என்று யாராவது சொன்னால் நல்லதாகத்தான் படும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 நாள் மாதத்தில் 720 மணித்தியாலம். அதில் ஒரு சதவீதம் ஏழு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். அந்த ஏழு மணித்தியாலமும் ஒரே இரவில் விடிய இரண்டு மணிக்குத் தொடங்கிக் காலை ஒன்பது மணிக்குள் முடிந்துவிட்டால் வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. அதே ஏழு மணித்தியாலத்தை இரண்டு இரண்டு நிமிடத் துண்டுகளாக வெட்டினால் இருநூறுக்கு மேற்பட்ட துண்டுகள், அதாவது நாளுக்கு ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் வகுப்பிலிருந்து வெளியே விழுந்து, மறுபடி உள்ளே போய், சேர் எந்தக் கணக்கில் நிற்கிறார் என்று தேடி, சமன்பாட்டின் நடுவே பிடிக்க வேண்டும். மாத அறிக்கையில் இரண்டு வீடுகளும் ஒரே 99 சதவீதம்தான். உயர்தரம் எழுதப் போகிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றல்ல.

அதனால்தான் 100 எம்பிபிஎஸ் என்று பெயருக்கு இருந்து நாளுக்கு ஏழு தடவை விழுகிற இணைப்பை விட, 20 எம்பிபிஎஸ்ஸில் விழாமல் ஓடுகிற இணைப்பை நான் நல்ல இணைப்பு என்பேன்.

எங்கே அறுகிறது என்பதும் முக்கியம். ஃபைபர் வீட்டுக்குள் வந்து சேரும் சிறிய வெள்ளைப் பெட்டியைப் பாருங்கள். அதில் எல்ஓஎஸ் என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் அல்லது மின்னினால் வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். வீதி தோண்டும்போது இழை அறுந்திருக்கலாம், மரக்கிளை இழுத்திருக்கலாம், அலுமாரிக்குப் பின்னால் கூர்மையாக மடிந்திருக்கலாம். ரவுட்டரை எத்தனை தடவை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினாலும் இது சரிவராது, கொம்பனிக்கு அறிவிப்பதுதான் வழி. சிவப்பு எரியாமல் எல்லாம் பச்சையாக இருந்தும் வேகமில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே, வைஃபையில் இருக்கும்.

தொடர்மாடிகளில் வைஃபைக்கு ஒரு தனித் துன்பம் இருக்கிறது. பழைய 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் மூன்றே மூன்றுதான். மேலே, கீழே, இரு பக்கமும் இருபது வீட்டு ரவுட்டர்கள் அந்த மூன்றுக்குள் நெருக்குப்படுகின்றன. 5 கிகாஹேர்ட்ஸில் இடம் அதிகம், வேகமும் அதிகம், ஆனால் அது கொங்கிரீட் சுவரைத் தாண்டத் திணறும். ஆகவே வகுப்பு நடக்கும் அறையிலேயே ரவுட்டரை வைத்து 5 கிகாஹேர்ட்ஸில் இணைவது நல்லது. இன்னும் நல்லது, மடிக்கணினிக்கு ஒரு கேபிளை நேரே போடுவது. ரவுட்டரைக் கதவுக்குப் பின்னாலோ ரிவிக்குக் கீழே அலுமாரிக்குள்ளோ ஒளித்து வைக்காதீர்கள்.

கரண்ட் போனால்

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த நாட்களில் கொழும்பு கற்றுக்கொண்ட ஒரு பாடம் இன்றும் உதவும். வீட்டில் கரண்ட் போனால் இணையமும் போக வேண்டும் என்றில்லை.

கைபேசிக் கோபுரத்துக்கும், செப்புக் கம்பி இணையம் வழியில் தெருவோரப் பெட்டி ஒன்றைத் தாண்டி வந்தால் அந்தப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். பெரும்பாலான வீட்டு ஃபைபர் அப்படியல்ல. கொம்பனியின் தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து ஒரு இழை கிளம்பி, வழியில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. பிரிக்கும் கருவி வெறும் கண்ணாடிதான், அதற்குக் கரண்ட் தேவையில்லை. நிலையத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் வீட்டு வெள்ளைப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் மட்டும் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் போதும், இணையம் ஓடும்.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு? பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் 10 வாட்டைச் சுற்றித்தான் எடுக்கின்றன. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா போன்ற இடங்களில் விற்கிற, கரண்ட் போனாலும் பெட்டிக்கு மின்சாரம் தருகிற மினி யூபிஎஸ் ஒன்றில் 37 வாட்-மணி அளவு பற்றரி இருக்கலாம். இழப்புப் போக 30 மிஞ்சும். ஒரு பெட்டி மூன்று மணித்தியாலம் ஓடும், இரண்டு பெட்டி என்றால் அதில் பாதி. வாங்கும்போது பெட்டியின் அடியில் எழுதியிருக்கிற வோல்ட்டையும் யூபிஎஸ்ஸின் வோல்ட்டையும் பொருத்திப் பாருங்கள். 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் பெட்டி கருகிவிடக்கூடும்.

‘அதுதான் ஃபோனில் டேட்டா இருக்கே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கைபேசி டேட்டா அவசரத்துக்கு நல்ல துணை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மின்வெட்டு நேரத்தில் சுற்றுவட்டாரம் முழுவதும் ஒரே கோபுரத்தை நம்பி வந்து விழும். கோபுரத்தின் பற்றரிக்கும் ஒரு எல்லை உண்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு நுழைந்து நாடு முழுவதும் இருளானது நினைவிருக்கும். அப்படியான நேரத்தில் கோபுரங்களும் ஒவ்வொன்றாக அணைய நேரிடும்.

காசுக் கணக்கும் இருக்கிறது. 2.5 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணித்தியால வீடியோ வகுப்புக்கு ஒரு ஜிபிக்கு மேல் செலவாகும். நாளுக்கு மூன்று மணித்தியாலம், மாதம் 25 நாள் என்றால் 80 ஜிபியைத் தாண்டும், அதுவும் ஒரு பிள்ளைக்கு. அதைக் கைபேசி டேட்டாவில் ரீலோட் போட்டுத் தாங்குவது எல்லாக் குடும்பத்தாலும் முடியாது.

சிறு விளக்கம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுத் தளங்கள் எல்லாம் சேர்ந்து மெதுவாக, உள்நாட்டுத் தளங்கள் மட்டும் நன்றாக இருந்தால் கோளாறு கடலுக்கடியில் இருக்கலாம். இலங்கையை உலகத்தோடு இணைப்பவை கடலடிக் கேபிள்கள். 2006இல் தூத்துக்குடியிலிருந்து வந்த கேபிள் கரையேறியது வெள்ளவத்தைக்குப் பக்கத்துக் கல்கிசையில். தென்கிழக்காசியாவை மத்திய கிழக்கோடும் மேற்கு ஐரோப்பாவோடும் இணைக்கும் சீ-மீ-வீ 5 கேபிள் மாத்தறையில் கரையேறுகிறது. 2025 செப்டம்பரில் ஜித்தாவுக்கு அருகே செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது ஆசியாவில் பல நாடுகளில் இணையம் தளர்ந்தது. கேபிள்கள் கூடக்கூட, ஒன்று அறுந்தால் மற்றதன் வழியாகத் திருப்பிவிட முடிகிறது.

யாருக்கு இல்லை என்பதுதான் பெரிய கேள்வி

இதுவரை எழுதியது எல்லாம் ஃபைபர் வாங்க வசதியுள்ள வீட்டுக்கு. மட்டக்குளியில், முகத்துவாரத்தில், ஒரே அறையில் குடும்பம் இருக்கிற, ‘தோட்டம்’ என்று சொல்லும் நெருக்கமான நகரக் குடியிருப்புகளில் ஒரு ஃபோனை இரண்டு பிள்ளைகள் பகிர்ந்துகொள்கிறார்கள். அப்பா வேலைக்குப் போகும்போது ஃபோனும் அவரோடு போய்விடும். பிள்ளையின் வகுப்பு இரவில், அவர் திரும்பி வந்த பிறகுதான். 2021இல் பதுளை மாவட்டத்தில் மாணவர்கள் சிக்னல் தேடிக் காட்டு வழியே மலை உச்சிக்கு ஏறிப் படித்தார்கள். கொழும்பில் கோபுரத்துக்குக் குறைவில்லை. இங்கே தடையாக நிற்பது விலை.

ஒரு சேவையை அத்தியாவசியம் என்று ஏற்றுக்கொண்டால் அரசுக்குச் சில கடமைகள் வந்துவிடும். மின்கட்டணத்தை யாரும் நினைத்தபடி கூட்ட முடியாது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கருத்துக் கேட்டு அங்கீகரிக்க வேண்டும். குறைந்த அலகு பாவிப்பவருக்குக் குறைந்த கட்டணம் என்ற படிநிலை அங்கே இருக்கிறது. வீட்டு இணையத்துக்கு அப்படியான ஒரு அடிமட்டப் படி வேண்டும் என்பதே என் வாதம். படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டுக்கு, குறைந்த வேகத்தில் என்றாலும், மாத அளவு தீர்ந்து நின்றுவிடாத, குறைந்த விலை இணைப்பு ஒன்று.

இது கனவல்ல. பின்லாந்து 2010 ஜூலையில் ஒவ்வொருவருக்கும் 1 எம்பிபிஎஸ் இணைப்பைச் சட்ட உரிமையாக்கியது. பிரித்தானியாவில் 2020 மார்ச்சிலிருந்து 10 எம்பிபிஎஸ் கேட்டுப் பெறும் உரிமை இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். விடுதி மாணவி ஒருவரின் வழக்கில் இணையத்தைப் பெறுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று 2019இல் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அரசே கே-ஃபோன் என்ற ஃபைபர் வலையமைப்பைத் தொடங்கியது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் இலக்கு. நம்மைப் போன்ற வருமானமும் நம்மைப் போன்ற மழையும் உள்ள இடத்தில் முயன்று பார்க்கிறார்கள் என்றால் நாமும் கேட்கலாம்.

செயற்கைக்கோள் இணையமும் இப்போது இருக்கிறது. ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால், 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருக்கும் பழைய வகையை விடத் தாமதம் மிகக் குறைவு. மலையகத்துக்கும் தீவுகளுக்கும் இது உண்மையான வழி. ஆனால் கருவிக்கும் மாதத்துக்கும் ஆகிற செலவைப் பார்த்தால், ஃபைபர் ஓடுகிற கொழும்பு வீதியில் அதற்கு அவசியமில்லை.

இணைப்பு எடுக்கும் முன்

சரி, நாளைக்கே புது இணைப்பு எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளர் இறக்க வேகத்தைச் சொல்லித் தொடங்குவார். ஏற்ற வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். ‘அன்லிமிட்டட்’ என்றால் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும், எவ்வளவுக்குக் குறையும் என்று எழுத்தில் கேளுங்கள். கோளாறு என்றால் எத்தனை மணித்தியாலத்துக்குள் ஆள் வருவார், அத்தனை நாளுக்குப் பில்லில் கழிப்பார்களா என்பது மிக முக்கியம். அதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். அப்புறம், அவர் சொல்வதை விடப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பெறுமதியானது. அதே கட்டிடத்தில் அதே கொம்பனியை வைத்திருப்பவரிடம் மாலை ஏழு மணிக்கு எப்படி ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில்தான் வீதி முழுவதும் பாவிக்கிறது.

தொடர்மாடியில் இருப்பவர்கள் நிர்வாகக் குழுவிடம் ஒன்று கேட்க வேண்டும். கட்டிடத்துக்குள் கம்பி ஏறும் வழியில் ஒரே கொம்பனியை மட்டும் விடுகிறார்களா, இல்லை எல்லாரையும் விடுகிறார்களா? ஒன்றை மட்டும் விட்டால் சேவை எவ்வளவு மோசமானாலும் மாறிப் போக வழியில்லை. நாங்கள் இருந்த ஒரு கட்டிடத்தில் அப்படித்தான் இருந்தது. குடியிருப்பாளர்கள் சேர்ந்து கையெழுத்து வைத்துக் கேட்ட பிறகுதான் இரண்டாவது கொம்பனியின் இழை உள்ளே வந்தது. அது வந்த பிறகு முதல் கொம்பனியின் திருத்துநரும் முன்னைவிடக் கெதியாக வரத் தொடங்கினார்.

வீட்டு இணைப்பு ஒரு கொம்பனி என்றால், ஃபோன் சிம்மை வேறு கொம்பனியில் வைத்திருங்கள். பரீட்சைக் காலத்தில் ஃபைபர் அறுந்தால் அந்த ஃபோனின் ஹொட்ஸ்பொட் ஒரு மாலையைக் காப்பாற்றும்.

கோளாறு வந்தால் நேரத்தைக் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது, எந்த விளக்கு எரிந்தது என்று. கொம்பனிக்குக் கோல் எடுத்ததும் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அங்கே தீராவிட்டால் அடுத்த இடம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. இரண்டு வாரக் குறிப்பும் முறைப்பாட்டு இலக்கங்களும் பில்லின் பிரதியும் சேர்த்து எழுத்தில் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம்.